காம்பரா 18, குடும்பம் எத்தனை?

காம்பரா என்னும் அறைவீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் தொழிலாளர் குடியிருப்புதான் லயம். எங்கள் லயத்துக்கு மேலே நிலத்தில் வெடிப்பு விழுந்தது. பீலித் தண்ணீர் கலங்கி வந்தது. இலங்கையில் பதுளை மாவட்டத்துத் தோட்டம் இது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் லயத்தை விட்டுப் போக வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எங்கே போவது என்பதில்தான்.

பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், மூன்று ஞாயிறு கூடினோம். சத்தமாகப் பேசியவர் பேச்சுதான் எடுபட்டது.

பயிற்சிப் பட்டறை ஒன்றில் படித்த பிரச்சினை மரத்தை முதலில் வரைந்தேன். வேரில் காரணம், கிளையில் விளைவு. சாயங்காலம் வேரில் மழை, சம்பளம், வெள்ளைக்காரன் மூன்றும் இருந்தன. "வெள்ளைக்காரன இப்ப எங்க தம்பி போய்த் தேடுறது?" என்றார் ஒரு மாமா. அவர் கேட்டது சரி. காரணத்தைப் பற்றி எங்களுக்குள் தகராறே இல்லையே!

அப்புறம்தான் ஐபிஸ் (IBIS) என்ற முறைக்குப் போனேன். வெர்னர் குன்ஸ், ஹோர்ஸ்ட் ரிட்டல் இருவரும் 1970இல் எழுதியது. பேச்சு முழுவதையும் கேள்வி, யோசனை, வாதம் என்று பிரித்து எழுத வேண்டும். வாதம் ஒரு யோசனையின் கீழேதான் தொங்கும். கேள்வியை எதன்மேலும் ஒட்டலாம். இதே ரிட்டல் 1973இல் மெல்வின் வெபருடன் சேர்ந்து எழுதியபோது, சில சிக்கல்களில் செய்துபார்த்துத் திருத்த வழியில்லை என்றார். வீடு கட்டுவதும் அப்படித்தான், கட்டினால் கட்டினதுதான்.

பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில் கேள்வியைச் சிவப்பிலும் யோசனையை நீலத்திலும் எழுதினோம். பேசியவரிடமே "இப்படித்தானே சொன்னீங்க?" என்று கேட்ட பிறகுதான் ஒட்டுவேன். சுவரில் ஏறிய பேச்சைத் திரும்பப் பேச ஆளுக்கு அலுப்பாக இருந்தது. பாதிச் சத்தம் அதிலேயே அடங்கியது.

நான் விட்ட பிழை ஒன்று. "கீழ் நிலத்துக்குப் போகலாமா?" என்று எழுதிவிட்டேன். உடனே இரண்டு கட்சி. கிழித்துவிட்டு "எங்கே போகலாம்?" என்று எழுதினேன், யோசனை ஐந்தானது. பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) நடக்கும் தூரம், பள்ளிக்கூடம், மரக்கறித் தோட்டம், மாட்டுக்குப் புல் எல்லாம் வாதங்களாக வந்து சேர்ந்தன. கீழ் நிலத்துக்குத்தான் சாதகம் கூட.

அப்போது மூலையில் இருந்த அம்மாயி ஒருவர் கேட்டார்: "வீட்டுக் கணக்கு காம்பராவுக்கா, குடும்பத்துக்கா?"

யாருக்கும் தெரியவில்லை. கீழ் நிலத்தில் வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் வீதம் 18 துண்டு அளந்திருந்தார்கள். காம்பரா 18 சரி, ஆனால் அங்கேயே எண்ணிப் பார்த்தால் குடும்பம் 31. தம்பி குடும்பம் இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்துக்கொண்டு இருக்கும் வீடுகள் எத்தனை! அந்தக் கேள்வியைக் கீழ் நிலத்தின் மேல் சிவப்பில் ஒட்டியதும் அதன் கீழிருந்த சாதகங்கள் எல்லாம் ஆட்டம் கண்டன.

நிலம் அளந்தவர்களுக்குக் கடிதம் போட்டோம். அதில் கோரிக்கை எதுவும் எழுதவில்லை, அந்தக் கேள்வியை மட்டும் எழுதினோம். ஐந்து வாரம் கழித்து, குடும்பப் பட்டியல் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. எழுத உட்கார்ந்தோம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் தனிக் குடும்பமா, இல்லையா? சுவரில் இன்னொரு சிவப்புத் தாள்.