பனி நின்ற மறுநாள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இளைஞர்கள் குளிர்காலத்தில் மணாலிக்கு மலையேறச் செல்வது பெருகிவரும் இந்நாளில், பனி கொட்டித் தீர்த்து வானம் வெளுத்த முதல் நாளே, மலைச்சரிவுப் பனி மொத்தமாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுக்கு மிகவும் ஆபத்தானது என்பதை வீட்டார் சொல்லி அனுப்ப வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆபத்தைக் கூட்டுவது பனிப்பொழிவு மட்டுமன்று. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி, முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் குவிப்பதால், வானிலிருந்து ஒரு பொட்டுப் பனியும் விழாத நேரத்தில்கூட அங்கே சுமை ஏறிக்கொண்டே இருக்கும். அவ்வாறு இறுகிய பனிப்பலகை, வலுவற்ற பழைய அடுக்கின்மேல் கிடக்கையில், சாந்து பிடிக்காத ஆத்தங்குடிக் கல்லைப் போல, ஒருவர் மிதித்ததுமே பெயர்ந்துவிடக்கூடும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது நிகழ்கிறது. சிக்கி இறப்போரில் மிகப் பலர் தாமோ தம் குழுவினரோ மிதித்துக் கிளப்பிய பனிச்சரிவிலேயே சிக்குகின்றனர். இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

காலடியில் பொத்தென்று அமுங்கும் ஓசையோ, நீண்டோடும் விரிசலோ, அருகில் புதிய பனிச்சரிவின் தடமோ தென்பட்டால் உடனே திரும்பிவிட வேண்டும்.

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில், மலையேற்றப் பயிற்சிக் குழுவினரே பனிச்சரிவில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களே நல்வாய்ப்பு. அதற்குள் வெளியிலிருந்து மீட்புப்படை வருவது அரிது. ஆகவே புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் துழாவும் கோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்குமா என்று முன்பணம் கட்டும் முன்பே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.