மேற்கே பார்த்த டிஷ்

செப்டம்பர் 6, வெள்ளி

பார்சல் வந்தது. டேப் மேல் டேப் ஒட்டியிருக்கிறது, வழியில் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கட்டும். செரிட் எஃப்டிஎஸ்-4334: இரண்டு எஃப் கனெக்டர் நீட்டிக்கொண்டிருக்கும் தகரப் பெட்டி. உள்ளே அதிர்வெண்ணைப் பிடிக்கும் எஸ்டிவி6120 ட்யூனர், அதை டேட்டாவாக மாற்றும் எஸ்டிவி0910 டீமாடுலேட்டர். பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களான அமெச்சூர்கள் கியூஓ-100 கோள் வழியாக அனுப்பும் டிவியைப் பிடிக்க ஒரு ரிசீவர் கட்டுகிறேன். அதில் முக்கால்வாசி இதற்குள்ளேயே முடிந்துவிட்டது. வெளியே மிச்சம் இரண்டே வேலை. எந்த அதிர்வெண், என்ன சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை குறி) என்று ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியாகச் சொல்ல வேண்டும். அது கொட்டுகிற டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமை, அதாவது படமும் ஒலியும் கட்டிய பைட் வரிசையை, அள்ளி யுஎஸ்பியில் தள்ள வேண்டும். பிரிட்டிஷ் அமெச்சூர் டெலிவிஷன் கிளப்பின் மினிட்யூனர் போர்டில் இதற்கு யுஎஸ்பிக்கு மாற்றும் ஒரு எஃப்டிடிஐ மாட்யூல் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டிக் கன்ட்ரோலர் போர்டு போதும் என்று ஆகிவிட்டது. படத்தை விரிப்பது லேப்டாப்பின் பாடு, பிக்கோவுக்கு அந்தக் கவலை இல்லை.

அவர்கள் எழுதிவைத்த ஃபர்ம்வேரை அப்படியே ஏற்றினால் ஒரு ராத்திரி வேலை. எனக்கு ஒரு ராத்திரி வேலை வேண்டாம். நீளமான வேலை வேண்டும். நானே எழுதப்போகிறேன்.

செப்டம்பர் 7, சனி

கொழுக்கட்டை. அண்ணன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அண்ணி எதுவும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 9, திங்கள்

ராத்திரி 11 மணி. பதில் வந்துவிட்டது.

டீமாடுலேட்டரில் எஃப்100 என்ற ரிஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 51 வர வேண்டும். அது அந்தச் சிப்பின் அடையாளம். சாயங்காலம் முழுக்க எஃப்எஃப்தான். எஃப்எஃப் என்றால் எதிர்முனையில் ஆளே இல்லை. 3.3 வோல்ட் சரி. ரீசெட் சரி. புல்-அப் 4.7 கே இருக்கிறது. சிப்பின் உள்பகுதிக்குப் போகும் கோர் சப்ளையில் மீட்டரை வைத்தால் 0.6! அதற்கு 1 வோல்ட் வேண்டும், கரண்டும் தாராளமாக வேண்டும். கடையில் கொடுத்த ரெகுலேட்டர் போர்டு லோடு வந்ததும் படுத்துவிடுகிறது. பழைய மதர்போர்டில் இருந்து வோல்டேஜைக் குறைக்கும் ஒரு பக் கன்வர்ட்டரைக் கழற்றிப் போட்டேன். 51. மறுபடி படித்தேன். 51.

ட்யூனரோடு நேராகப் பேச முடியாது. டீமாடுலேட்டரிடம் ரிப்பீட்டரைத் திறக்கச் சொல்ல வேண்டும், பேசி முடித்ததும் மூடச் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்க முதலில் கவுன்ட்டர் பெண்ணைப் பார்ப்பது போல. அந்தப் பெண்ணாவது சிரிக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அண்ணனுடைய ரிப்போர்ட் வியாழன் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

செப்டம்பர் 12, வியாழன்

வரவில்லை. போன் செய்தால், "ப்ராசஸ்ல இருக்கு சார்."

செப்டம்பர் 14, சனி

மொட்டை மாடியில் அண்ணன் நட்ட இரும்புத் தூண் இன்னும் இம்மி அசையாமல் நிற்கிறது. கேபிள் டிவி ஓட்டிய காலத்தில் 12 அடி வலை டிஷ் இருந்த தூண். அப்போது ஸ்டார் டிவி எல்லாம் ஏசியாசாட்டில் வந்தது, 105.5 டிகிரி கிழக்கு. அண்ணன் மேலே டிஷ்ஷை நகர்த்துவார். நான் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து "வருது, வருது, போச்சு" என்று கத்த வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளமாக இரவு பரோட்டா.

இந்தத் தடவை டிஷ் மேற்கே பார்க்கிறது. கியூஓ-100 நிற்பது 25.9 டிகிரி கிழக்கில், ஆப்பிரிக்காவுக்கு மேலே. மதுரையில் இருந்து 262 டிகிரி திசை, 30 டிகிரிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். கோளின் உண்மையான பெயர் எஸ்ஹெயில்-2, கத்தாருடையது, 2018 நவம்பரில் ஃபால்கன் 9இல் போனது. வியாபாரச் சேனல்களோடு அமெச்சூர்களுக்கும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் இரண்டு டிரான்ஸ்பாண்டரை ஏற்றி அனுப்பினார்கள். புவிநிலைப் பாதையில் நம்மாட்களுக்குக் கிடைத்த முதல் இடம் அது. குறுகியதில் பேச்சு, அகலமானதில் டிவி. பிரேசிலில் இருந்து தாய்லாந்து வரை கேட்கும் என்பார்கள். மதுரை எங்கே போய்விடும்?

எதிர்வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஊர்ல இருக்க டிஷ்ஷு எல்லாம் அந்தப் பக்கம் பாக்குது, உங்களுது மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது?" என்றார். விளக்கினேன். "காசு கட்ட வேணாமா?" என்பது ஒன்றுதான் அவருக்குத் தேவையாக இருந்தது.

அண்ணன் படி ஏறக் கூடாது. கீழே நாற்காலி போட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நட்டை முழுசா முறுக்காதடா, அப்புறம் நகராது" என்கிறார். ஸ்பேனர் சத்தம் அவ்வளவு தூரம் கேட்கிறதா!

செப்டம்பர் 16, திங்கள்

அகல டிரான்ஸ்பாண்டர் கீழே வருவது படுக்கைவச போலரைசேஷனில், அதாவது அலை பக்கவாட்டில் அசையும்படி. டிஷ் குவிக்கும் அலையை வாங்கி அதிர்வெண்ணைக் குறைக்கும் எல்என்பிக்கு 18 வோல்ட். இது ஐரோப்பாக்காரர்களுக்குச் சரி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கம், கோளோ எங்கேயோ மேற்கில். கணக்குப் போட்டால் சாய்வு 77 டிகிரி வருகிறது. அங்கே படுத்துக்கொண்டு கிளம்பும் அலை இங்கே வரும்போது ஏறக்குறைய எழுந்து நிற்கிறது. எல்என்பியைக் கிளாம்ப்பில் கிட்டத்தட்ட கால்வட்டம் திருப்பியாக வேண்டும். கேபிள் மாட்டும் மூக்கு பக்கவாட்டில் போய்விட்டது, பார்க்கவே கோணலாக இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். "ஃபீடைத் திருப்பாம சேட்டிலைட் பிடிச்சவன் எவன்டா?" என்றார். எனக்கு ஒரு சாயங்காலம் ஆன கணக்கு அது.

இரவு அண்ணனுக்கு ஜுரம். 101.

செப்டம்பர் 18, புதன்

இடி, மழை. ஓடிப்போய்க் கனெக்டரில் டேப் சுற்றிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஸ்லைடை வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்களாம். செகண்ட் ஒபினியன். இரண்டாவது என்று ஒன்று இருந்தால் முதலாவது என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அது என்ன என்று கேட்டால் டாக்டர் வந்துதான் சொல்வார் என்கிறார்கள். டாக்டர் எப்போது வருவார்? ரிப்போர்ட் வந்ததும் வருவார். ஒரு காகிதத்தில் எழுதி ஒரு மேஜையில் வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்குத் தெரியும், டைப் செய்தவருக்குத் தெரியும், கோப்பைத் தூக்கிக்கொண்டு போனவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். உடம்புக்குச் சொந்தக்காரர் கீழே உட்கார்ந்து தினத்தந்தியில் சிந்துபாத் படித்துக்கொண்டிருக்கிறார்.

சால்டரிங் அயர்ன் நுனி போய்விட்டது. புதியது வாங்க வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கியூஓ-100 கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று வீட்டு டிடி ஃப்ரீ டிஷ் கேபிளைப் பிடுங்கித் தகரப் பெட்டியில் செருகினேன். 93.5 டிகிரி, ஜிசாட்-15. நொடிக்கு 29.5 மெகா சிம்பல். உடனே லாக், சிக்னலைப் பிடித்துக்கொண்டது! ஆனால் அந்த வேகம் பிக்கோவின் 12 மெகாபிட் யுஎஸ்பியில் அடங்காது. அதனால் நினைவகத்தில் 64 கிலோபைட் மட்டும் பிடித்துவைத்துப் பார்த்தேன். மொத்தமே 264தான்.

எட்டு டேட்டா கம்பி, ஒரு கிளாக். பிடிப்பது பிஐஓவின் வேலை. பிக்கோவுக்குள் கோர் இரண்டும் போக தனியாக எட்டுச் சின்ன இயந்திரங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. நிரல் இவ்வளவுதான்: கிளாக் ஏறும்வரை காத்திரு, எட்டு பின்னையும் படி, கிளாக் இறங்கும்வரை காத்திரு. மூன்று கட்டளை, அதில் இரண்டு காத்திரு.

டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்றால் 188 பைட்டுக்கு ஒருமுறை 47 வந்தே தீர வேண்டும். ஹெக்ஸ் 47. தேடினேன், அங்கங்கே சிதறிக் கிடந்தது, 188 இடைவெளியில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரோல் செய்துகொண்டே போனதில், ஈ2 அடிக்கடி வருகிற மாதிரி பட்டது. எண்ணினேன். 188. அடுத்தது 188. அடுத்ததும். 47ஐ பிட் பிட்டாக எழுதிப் பின்னால் இருந்து படித்தால் ஈ2! 01000111, 11100010. டேட்டா கம்பிகள் இந்தப் பெட்டியில் டி7இல் இருந்து ஆரம்பிக்கின்றன, அவ்வளவுதான். கம்பியைத் தொடவில்லை. 256 எண்களுக்கு ஒரு அட்டவணை போட்டு நிரலிலேயே திருப்பிவிட்டேன்.

கீழே அண்ணி: "டிவில படத்தக் காணோம்." கேபிளைத் திருப்பி மாட்டினேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பீக்கன், அதாவது கோளில் எப்போதும் வந்துகொண்டிருக்கும் அடையாளச் சிக்னல், 10491.5 மெகாஹெர்ட்ஸ். எல்என்பி 9750ஐக் கழித்துக்கொள்ளும். 741.5. சிம்பல் ரேட் 1500 கிலோ, ஒளிபரப்பு முறை டிவிபி-எஸ்2. எல்என்பியை மேல் பேண்டுக்கு மாற்றும் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் கிடையாது. எல்லாம் சரி. லாக் இல்லை.

இங்கிலாந்தில் கூன்ஹில்லியில் இருக்கும் ரிசீவரின் ஸ்பெக்ட்ரத்தை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். பீக்கன் அங்கே நெடுநெடுவென்று நிற்கிறது. அவர்களுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

செப்டம்பர் 25, புதன்

அரை டிகிரி, அரை டிகிரியாக நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. அண்ணன் போனை எடுக்கவில்லை, தூங்குகிறாராம். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

சூரியன் காட்டிக்கொடுத்தது.

வருஷத்தில் இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சரியாகக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடம் டிஷ்ஷுக்குள் சூரியனின் இரைச்சல் கொட்டி சேனல் எல்லாம் போய்விடும். கேபிள்காரர்களுக்கு அது சாபம், அண்ணனுக்கு வசவு விழும் நாட்கள். மதுரைக்கும் 25.9 டிகிரிக்கும் கணக்குப் போட்டால் இன்றைக்கு மாலை 4 மணி 7 நிமிடம் வாக்கில். திருப்பிப் போட்டு யோசித்தால், அந்த நேரத்தில் சூரியன் எங்கேயோ கோள் அங்கே. காம்பஸ் வேண்டாம், செல்போன் ஆப் வேண்டாம். தூணில் இருக்கும் இரும்புக்குக் காம்பஸ் எப்படியும் பொய்தான் சொல்லும்.

மூன்றே முக்காலுக்கே ஏறிவிட்டேன். நாலு மணிக்குப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மெல்ல நம் டிஷ் மேல் ஏறுகிறது. நாலு ஏழுக்குப் பாதி டிஷ் நிழலில். போன வருஷம்தான் அந்தத் தொட்டியை உயர்த்திக் கட்டினார்கள். டிகிரி டிகிரியாகத் தேடி என்ன பயன், நடுவில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்கிறது!

அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "தூணை விட்டுட்டு வடக்குச் செவத்துக்குக் கொண்டு போ. நாளைக்கும் அதே நேரம் சூரியன் வரும்ல?" நாளைக்கும் ஏறக்குறைய அங்கேதான் வரும். கால் டிகிரி, அரை டிகிரி வித்தியாசம், தள்ளுபடி.

செப்டம்பர் 27, வெள்ளி

சுவரில் பைப் அடித்தாயிற்று. 4:07க்கு சிக்னல் பலத்தைக் காட்டும் ஏஜிசி எண் எங்கே உச்சமோ அங்கே போல்ட்டை முடுக்கினேன். மேகம் இருந்தது. இந்த அதிர்வெண்ணுக்கு மேகம் பொருட்டில்லை. ஆனால் லாக் இல்லை.

செப்டம்பர் 28, சனி

காலை 6:20. உயரத்தை நூலளவு ஏற்றினேன். லாக்.

எம்இஆர், அதாவது சிக்னலின் தரம், 5.9 டெசிபல். பிழை திருத்தும் இந்த 4/5 எஃப்இசிக்கு 4.7க்குக் கீழே போனால் படம் உடையும். ஒன்றரை டெசிபல்கூட இல்லாத உயிர், ஆனாலும் உயிர். விஎல்சி பிளேயரில் முதலில் பச்சைக் கட்டங்கள், அப்புறம் பாதிப் படம், அப்புறம் முழுசாக, சத்தத்தோடு. கையில் பிக்கோ சூடாகக்கூட இல்லை.

போனைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். லேப்டாப்பில் இருந்து படத்தை வைஃபையில் போனுக்கு அனுப்பி அண்ணன் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"விளம்பரம் எப்படா வரும்?"

"அமெச்சூர்ல வியாபாரம் கூடாதுண்ணே."

"அப்போ இதுக்கு எவன்டா சந்தா கட்டுறான்?"

செப்டம்பர் 30, திங்கள்

ரிப்போர்ட் வந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

விடிகாலை 3 மணி. எல்என்பியின் அதிர்வெண் வெயிலுக்கும் குளிருக்கும் நகர்வது பற்றி எழுதுகிறேன்.

பீக்கன் 1500 கிலோ சிம்பல் என்பதால் எல்என்பி கொஞ்சம் அலைந்தாலும் தாங்குகிறது. ஆட்கள் அனுப்புவது பெரும்பாலும் 333, சிலர் 125. அதில் எல்என்பி நகர்ந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மத்தியான வெயிலில் ஒரு இடம், இப்போது வேறு இடம். உள்ளே இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத் தூக்கிவிட்டு ஜிபிஎஸ்ஸில் கட்டிய ஆஸிலேட்டரை வெளியில் இருந்து கொடுக்கலாம். அதற்கு எல்என்பியை உடைக்க வேண்டும், திரும்ப நீர் புகாமல் மூட வேண்டும். இல்லையென்றால் பீக்கனையே அளவாக வைத்துக்கொண்டு, அது நகர்ந்த அளவைப் பிக்கோவே கழித்துக்கொள்ளும்படி எழுதலாம். கேரியர் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எஸ்டிவி0910 சொல்லும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீக்கனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். இரண்டாவதுதான் நல்லது. எதையும் உடைக்க வேண்டாம்.

முன் அறையில் விளக்கு எரிகிறது. அவரும் தூங்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி. கொலு வேண்டாம் என்று அண்ணி. வைத்தே ஆக வேண்டும் என்று அண்ணன். மூன்று படி என்று முடிவாயிற்று.

அக்டோபர் 4, வெள்ளி

நாளை வைகையில் சென்னை. ரிசீவரை ஆனிலேயே விட்டுப் போகிறேன். எம்இஆரை நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும், மழை வந்தால் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கலாம். "கரண்டு பில்லு யாரு கட்டுவா?" என்றார் அண்ணன். பழைய ஃபைல், புது ஃபைல், ஸ்லைடு, இரண்டு சார்ஜர், அவருடைய கம்பளி. மூன்று டிக்கெட்டில் இரண்டுதான் கன்ஃபர்ம். என்னுடையது வெயிட்டிங் லிஸ்ட் 4, சார்ட் இன்னும் போடவில்லை.