தெளிந்த நீரில் இருந்த உப்பு

திருப்பூரில் சாய ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்து வாங்கும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட்டாக 2004ஆம் ஆண்டு நான் சேர்ந்தபோது, என் மேசைக்கு முதலில் வந்த காகிதம் நிலையம் இயங்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் தந்த அனுமதியான இசைவாணைதான். வெளியேறும் நீரில், கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவான பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், அதையே வேதிமுறையில் அளக்கும் சி.ஓ.டி. 250க்குள், கரைந்த உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ். 2,100க்குள் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் கலந்தால் சாயம் சேறாகப் படிந்துவிடும்; மேலே நிற்கும் நீர் ஓரளவு தெளிந்து நொய்யல் ஆற்றுக்குப் போகும். லாக் புக்கில் மற்ற கட்டங்கள் ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தன. டி.டி.எஸ். கட்டத்தில் மட்டும் நாள்தோறும் ஆறாயிரத்தை ஒட்டி ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டு வந்தேன். மேலாளரிடம் கேட்டபோது, அது எங்குமே அப்படித்தான் இருக்கிறது என்றார். ஊரே சேர்ந்து மீறும் விதியை ஒருவரும் மீறலாக எண்ணுவதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த எண்ணை எழுதிப் பழகிவிட்டேன்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. ரியாக்டிவ் சாயம் பருத்தித் துணியில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், துணி கிலோ ஒன்றுக்கு 480 கிராம் உப்பு ஆகிறது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு இன்னும் கூடும். துணி சாயத்தை எடுத்துக்கொண்டு உப்பை அப்படியே சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. சுண்ணாம்பால் நிறத்தை இறக்கலாமே தவிர, கரைந்த உப்பை இறக்க முடியாது.

ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு விவசாயி ஒருநாள் தம் கிணற்று நீரைக் குடிநீர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "தண்ணி பளிச்சுன்னுதானுங்க தம்பி இருக்குது. தென்னை மட்டும் ஏனுங்க காயுது?" என்று கேட்டார். நீரைச் சோதித்துப் பார்த்தேன். என் லாக் புக்கில் எழுதும் எண்ணிலிருந்து அது வெகுதூரம் விலகி இருக்கவில்லை. அவரிடம் எண்ணைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. வயதில் மூத்த ஒருவரிடம் பாதி உண்மையைச் சொல்லி அனுப்பியது இன்றும் என்னை உறுத்துகிறது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியிருந்த காலம் அது.

நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை 2007 ஜூலைக்குள் எட்ட வேண்டும், அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் பைசாக்களாகப் பணம் கட்ட வேண்டும் என்பது உத்தரவு. நாங்கள் போட்ட கணக்கில், எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரை மீட்டு, மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சும் செலவைவிட அந்தத் தொகை குறைவாகவே வந்தது. கூட்டத்தில் இதைக் கேட்டுப் பலர் நிம்மதி அடைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உச்ச நீதிமன்றம் 2009இல் விவசாயிகள் பக்கம் நின்ற பிறகும், கெடு நீட்டிப்பு கேட்பதே எங்கள் முக்கிய வேலையாக இருந்தது.

2011 ஜனவரி 28 அன்று, சாய, சலவை ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட அன்று நிலையத்தில் காற்றூதும் பம்புகளின் ஓசை நின்றது. ஏழு ஆண்டுகளில் அந்த வளாகத்தில் முதன்முறையாகக் காக்கை கரைவதைக் கேட்டேன். சாயவேலைக்காரர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். சில பட்டறைகள் இரவோடிரவாகப் பக்கத்து மாவட்டங்களுக்கு இடம் மாறி அங்குள்ள ஓடைகளைக் கெடுத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறி நிலையம் மீண்டும் திறந்தபோது என் வேலையின் இயல்பே மாறியிருந்தது. முன்பு வெளியேறும் நீரின் தரத்துக்கு மட்டும் பதில் சொன்னேன். இப்போது ஒவ்வொரு ஆலையிலிருந்தும் குழாயில் எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை லிட்டர் திருப்பி அனுப்பினோம், இடையில் ஆவியானது எவ்வளவு என்று நாள்தோறும் கணக்கு நேராக வேண்டும். தரத்தைக் காட்ட மாதிரி எடுக்கும் நேரத்தை மாற்றினால் போதும், மழை பெய்த மறுநாள் எடுத்தால் எண் தானே இறங்கும். இருபுறமும் மீட்டர் வைத்த கணக்கில் அந்தச் சாமர்த்தியம் அவ்வளவு எளிதாகச் செல்லாது.

உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து சாயமேற்றவே திருப்பித் தரும் முறை வந்தபோது எதிர்ப்பு டையிங் மாஸ்டர்களிடமிருந்து வந்தது. "ஷேடு மாறிப்போச்சுன்னா லாட்டு முழுக்க எந்தலையில விழுமுங்க சார்" என்றார் ஒருவர். அவர் பயம் நியாயமானது, ஏனெனில் கரைசலில் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகள்) சிறிது மிஞ்சினாலும் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். சிறு லாட் ஒன்றைக் கறுப்பில் போட்டு, புது உப்பில் சாயமேற்றிய துணிக்குப் பக்கத்தில் வைத்து அவரிடமே காட்டினோம். இரண்டையும் வெயிலில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எது எங்களுடையது என்று கேட்டார்.

தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. எவாப்பரேட்டரின் கடைசியில் சல்பேட்டும் குளோரைடும் பிரிக்க முடியாதபடி கலந்த உப்பு வருகிறது. சாயத்துக்கும் ஆகாது, நீரில் கரையும் என்பதால் குப்பைக் கிடங்கில் புதைக்கவும் கூடாது. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி, எடையைப் பதிவேட்டில் ஏற்றி வைத்திருக்கிறோம். ஐப்பசியில் மழை பிடித்ததும் அந்தக் கொட்டகைக்குப் போய், கூரை ஒழுகுகிறதா, கீழ்வரிசை மூட்டைகள் நனைந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.