கோத்தகிரியில் இசட்-2 கேஜ் மாடல்: லிங்க் சராசரி காட்டிய பொய்க் கட்டமாற்றம்

8×8×8 லாட்டிஸ் (முப்பரிமாணப் புள்ளிக் கட்டம்), ஓரங்கள் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டியவை. அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் கோடுதான் லிங்க்; புள்ளிக்கு மூன்று, மொத்தம் 1536. ஒவ்வொன்றிலும் +1 அல்லது −1. ஒரு சிறு சதுரத்தைச் சுற்றிய நான்கு லிங்கின் பெருக்கம் ஒரு பிளாக்கெட். ஆற்றல் அதைத்தான் பார்க்கும். 1971இல் இயற்பியலாளர் வெக்னர் முன்வைத்த மாடல் இது.

நிரல் பைத்தானும் நம்பையும். லிங்க்குகளை ஆறு கூறாகப் பிரித்தால் (மூன்று திசை, ஒவ்வொன்றிலும் ஆயத்தொலைகளின் கூட்டல் இரட்டைப்படையான புள்ளி, ஒற்றைப்படையான புள்ளி) கூறு முழுவதையும் ஒரே அடியில் புரட்டிப் பார்க்கலாம் (ஒவ்வொரு லிங்கின் குறியையும் மாற்றி, ஆற்றல் வித்தியாசத்தைப் பொறுத்து ஏற்பது அல்லது விடுவது). எல்லாக் கூறையும் ஒருமுறை முடித்தால் ஒரு ஸ்வீப். பக்கம் 7 என்று வைத்துவிடாதீர்கள். ஓரத்தில் ஒரே கூறின் இரண்டு லிங்க் ஒரே பிளாக்கெட்டில் மாட்டிக்கொள்ளும். எர்ரர் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

அடுத்த குழி, வரிசையைச் சுழற்றி நகர்த்தும் நம்பையின் 'ரோல்'. −1 கொடுத்தால் அடுத்த புள்ளி வரும், +1 கொடுத்தால் முந்தையது. கீழ்ப்பக்க பிளாக்கெட்டுக்கு வேண்டியது +1. முதலில் −1 போட்டிருந்தது. ஒரே ஒரு லிங்கைப் புரட்டி, நிரல் சொன்ன வித்தியாசத்தையும் மொத்த ஆற்றலைக் கூட்டிக் கழித்து வந்த வித்தியாசத்தையும் ஒப்பிட்டதும் பிடிபட்டது. திருத்தியபின் பீட்டா (வெப்பநிலையின் தலைகீழ்) 0.2இல் பிளாக்கெட் சராசரி 0.198 வர வேண்டும். வராமல் மேலே போகாதீர்கள்.

இனி பொய்க் கட்டமாற்றம் (கட்டமாற்றம் என்றால் பனி நீராவது போல நிலை மாறுவது). பீட்டா 1இல் எல்லா லிங்கும் +1 என்று தொடங்கினால், நூறு ஸ்வீப் கழித்தும் லிங்க் சராசரி 1ஐ ஒட்டியே நிற்கும். காந்தம் போல ஒழுங்கு வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஒரு லிங்க் புரள நான்கு பிளாக்கெட் கெட வேண்டும். அந்த வாய்ப்பு சுமார் 0.0003. நகராமல் கிடக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்வீப்புக்கும் இடையே, தற்செயலாகத் தேர்ந்த பாதிப் புள்ளிகளில் சேரும் ஆறு லிங்க்குகளையும் சேர்த்துப் புரட்டுங்கள். ஆற்றல் இம்மியும் மாறாது, லிங்க் சராசரி உடனே பூஜ்யத்தில் விழும். இப்படிப் புள்ளிக்குப் புள்ளி தனியாகப் புரட்டக்கூடிய உள்ளூர் சமச்சீர்மை தானாக உடையாது என்று இயற்பியலாளர் எலிட்சூர் 1975இல் நிறுவியதைத் திரையிலேயே பார்க்கலாம்.

ஆகவே அளக்க வேண்டியது வில்சன் லூப், அதாவது ஒரு செவ்வகத்தின் ஓரம் நெடுக உள்ள லிங்க்குகளின் பெருக்கத்தின் சராசரி; அந்தப் புரட்டலில் அது மாறாது. 3×3 ஆசை வேண்டாம்: பீட்டா 0.5இல் அதன் மதிப்பு 0.002 பக்கம், 10 சதவீதத் துல்லியத்துக்கே பல ஆயிரம் தனித்தனி அமைப்புகள் வேண்டும். 1×1, 1×2, 2×2 போதும். முதலும் கடைசியும் பெருக்கி, நடுவின் வர்க்கத்தால் வகுத்தால் சுற்றளவின் பங்கு அடிபட்டுப் பரப்பளவின் பங்கு மிஞ்சும். பீட்டா 0.7614ஐத் தாண்டியதும் விகிதம் 1ஐ ஒட்டுகிறது, பரப்பளவின் பங்கு வற்றுகிறது. முப்பரிமாண ஐசிங் மாடலின் (காந்தத்துக்கான எளிய மாடல்) மாற்றப்புள்ளி 0.2217க்கு இணையான 'டூயல்' அந்த எண்; இருமடங்கு அல்ல.

ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 500 ஸ்வீப்புக்கு ஒருமுறை லிங்க்குகளோடு ரேண்டம் எண் நிலையையும் சேமியுங்கள். வேறு பெயரில் எழுதி முடித்தபின் பெயரை மாற்றினால் பாதிக் கோப்பு மிஞ்சாது. மடிக்கணினிச் சூட்டில் குளிர்காயலாம் என்பது உபரி லாபம்.

இப்போது 16×16×16 ஓடுகிறது, 12,288 லிங்க். வேலை 8 மடங்கு என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான், 0.76 அருகே பழைய அமைப்பின் வாடை போக ஆகும் ஸ்வீப்புகளும் 4 மடங்குக்கு மேல் கூடுகின்றன.