ஆச்சி கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும்

"தம்பி, இதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனீகன்னா, நாளைக்கு இந்த வீட்டை நாங்க விக்க முடியாமப் போயிருமா?" என்று அந்தப் பழைய செட்டிநாட்டு வீட்டின் ஆச்சி கேட்டபோது, மரபு வீடுகளை அளந்து ஆவணப்படுத்தும் நான், முற்றத்தைச் சுற்றிய கட்டான வளவின் தேக்குத் தூண் ஒன்றில் 17-ஆம் எண் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். கையை எடுக்காமலேயே, "இல்ல ஆச்சி, சும்மா அளவெடுக்கிறதுதான், சட்டப்படி ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாவிக்கொத்துடன் வளவுக்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

நான் சொன்னதில் பிழை இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன என்றாலும், தனியார் வீடு ஒன்றை விற்பதையோ பிரிப்பதையோ அந்தப் பட்டியல் தடுக்காது. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் முறைப்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காப்பவை. பங்காளிகள் பலருக்குச் சொந்தமாகிப் பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டை அவை எட்டிப் பார்ப்பது அரிது. மரபுக் கட்டடங்களுக்கென ஆணையம் அமைக்க 2012-இல் சட்டம் இயற்றப்பட்டும், அது நடைமுறைக்கு வரவே பல ஆண்டுகள் பிடித்தன. ஆகவே ஆச்சியிடம் நான் பொய் சொல்லவில்லை என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 'சும்மா' என்ற சொல் மட்டும் உறுத்துகிறது. இந்தத் தொழிலில் யாரும் சும்மா அளவெடுப்பதில்லை. என்றாவது ஒருநாள் இந்தத் தாள் ஒரு வீட்டை நிறுத்தி வைக்கும் என்ற நம்பிக்கையில்தான் எடுக்கிறோம்.

வேலை முடிந்ததும், மரியாதைக்காக வரைபடத்தின் ஒரு பிரதியை ஆச்சியிடம் கொடுத்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து, அவருக்குப் பேரன் முறையாகும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாகம் பிரித்தாகிவிட்டது, வளவின் மரங்களை மட்டும் தனியாக விற்கிறோம் என்றவர், "உங்க அளவு அவ்வளவு துல்லியமா இருந்துச்சு சார், ஆளுக்கு எத்தனை தூண்னு பிரிக்க ரொம்ப உதவியா இருந்துச்சு" என்று மனமார நன்றி சொன்னார்.

நான் போனபோது, லாரியில் கிடத்தியிருந்த தூண்களில் ஒன்றில் என் 17-ஆம் எண் சீட்டு, ஓரம் மடங்கி, ஒட்டியபடியே இருந்தது. உள்ளே அது நின்ற கல் ஆதாரத்தின் நடுவில், மரத்தின் முளை இறங்கியிருந்த சதுரக் குழி மட்டும் தெரிந்தது. அந்தக் குழிக்குள் பழைய சுண்ணாம்புத் தூள் இன்னும் வெள்ளையாக இருந்தது.

எண் போட்டுப் பிரிக்கக்கூடிய பொருள்களின் தொகுப்பல்ல அந்த வீடு. முகப்பிலிருந்து பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுக்களைக்கட்டு என்று வாசல் நிலைகள் ஒரே கோட்டில் அமைந்து, பின்தெருக் கதவுவரை பார்வை தடையின்றிப் போகும். நாட்டு ஓட்டுக் கூரையின் நான்கு சரிவுகளும் முற்றத்தை நோக்கியே இறங்குகின்றன. அங்கே விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து, மிஞ்சியதை வடிகால் வழியே வெளியே விட்டார்கள். முற்றத்தைச் சுற்றிய தூண்கள்தாம் அந்தச் சரிவுகளின் முனையைத் தாங்குகின்றன. அவற்றின் பின்னால், திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளியாகி, புள்ளிக்கு ஓர் அறை என்று அறைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்கும், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் அந்த ஒழுங்குக்குப் பின்னால்தான் வருகின்றன. தூணை உருவினால் கூரை இறங்கும், கூரை இறங்கினால் முற்றம் வெறும் குழியாகும். இதை என் அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆனால் ஆச்சிக்குக் கொடுத்த பிரதியில் அந்தப் பக்கங்கள் இல்லை. அளவும் எண்ணும் மட்டுமே இருந்தன.

நான் கொடுக்காவிட்டாலும் விற்றிருப்பார்கள் என்பதும் உண்மைதான். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதோடு, பர்மாத் தொழிலை நம்பியிருந்த இவ்வூர்களின் வருமானம் முறிந்தது. கட்டிய தலைமுறைக்கு இருந்த பணம் காக்க வேண்டிய தலைமுறைக்கு இல்லை. இரண்டாங்கட்டில் ஒழுகாத இடம் குறைவு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீட்டுக்கு யார் எவ்வளவு செலவழிப்பார்கள்? உதவி எதுவும் தராமல், விற்காதே என்று மட்டும் சொல்லும் பாதுகாப்பை நானே ஆதரிப்பேனா என்று கேட்டுக்கொண்டால், ஆதரிக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

இருந்தும் ஆச்சியின் அந்தக் கேள்விக்கே திரும்பி வருகிறேன். அன்று அதை அச்சமாகவே எடுத்துக்கொண்டேன். விற்க முடியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்து, அந்தப் பயத்தைப் போக்கும் பதிலைச் சொன்னேன். இப்போது நினைத்தால், "போயிருமா" என்பதில் பயம் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பங்காளிகளிடம் காட்டுவதற்கு ஒரு தடை கிடைக்காதா, "அரசாங்கம் விடாதாம்" என்று சொல்லிவிட முடியாதா என்ற எதிர்பார்ப்பாகவும் அது இருந்திருக்கலாம். அப்படியென்றால், அவர் பற்றியிருந்த ஒரே பிடியை, எண் சீட்டிலிருந்து கையைக்கூட எடுக்காமல் நான் விலக்கிவிட்டேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு, அளவு நாடாவை எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் விளக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். சென்ற மாதம் பக்கத்து ஊரில் ஒரு பெரியவரிடம் பட்டியல், சட்டம், வரைபடம் எப்படியெல்லாம் பயன்படக்கூடும் என்பது வரை அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று அவர் முகப்புக் கதவைச் சாத்தினார். அந்த வீட்டில் இன்றுவரை ஓர் அளவும் எடுக்கவில்லை. கதவு சாத்துமுன் உள்ளே தெரிந்த வளவுத் தூண்களைப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.