37 ஆட்டம், 37 வெற்றி அல்ல

தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் ஹேண்ட்பால் செய்தி பெரும்பாலும் தலைப்பிலேயே சறுக்கிவிடுகிறது. ஹேண்ட் என்றால் கை, பால் என்றால் பந்து என்று பிரித்துப் பார்த்து, 'கைப்பந்து உலக சாம்பியன் டென்மார்க்' என்று போட்டுவிடுவார்கள். நம் ஊரில் கைப்பந்து என்றால் வாலிபால். படிப்பவர் மனதில் வலை கட்டிய மைதானம்தான் வரும். எறிபந்து என்று மாற்றினாலும் அது த்ரோபாலோடு போய் முட்டும். ஹேண்ட்பால் என்றே எழுதுவதுதான் உத்தமம். அணிக்கு 7 பேர், 40 மீட்டர் நீளம் 20 மீட்டர் அகலத்தில் உள்ளரங்கம், 30 நிமிடமாக இரண்டு பாதி என்று ஒரு வரி சேர்த்தால் குழப்பம் தீரும்.

டென்மார்க் ஆண்கள் அணியின் சர்வதேசக் கணக்கைத் தொகுப்பவருக்கு இது முதல் படி மட்டுமே. ஹோல்கர் நீல்சன் என்ற பள்ளி ஆசிரியர் இந்த ஆட்டத்துக்கு ஆரம்பகால விதிகளை எழுதிய நாடு அது. இன்று உலகத்தின் உச்சியில் இருக்கும் அணியும் அதுதான். பதக்கப் பட்டியலை மட்டும் கேட்டால் ஐந்து நிமிட வேலை. உலகப் போட்டியில் 2019, 2021, 2023, 2025 தங்கம், 1967, 2011, 2013 வெள்ளி, 2007 வெண்கலம். ஒலிம்பிக்கில் 2016, 2024 தங்கம், டோக்கியோவில் வெள்ளி. ஐரோப்பியப் போட்டியில் 2025 வரை 2008, 2012 தங்கம். இதை எழுதி முடித்ததும் வேலை முடிந்ததாக நினைப்பவர் அடுத்த பத்தியிலேயே மாட்டிக்கொள்வார்.

முதலில் ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஆண்கள் உலகப் போட்டி ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் நடக்கும், ஐரோப்பியப் போட்டி இரட்டைப்படை ஆண்டு ஜனவரியில். இந்த ஒழுங்கை மனதில் வைத்திருந்தால் பாதித் தவறுகள் கண்ணில் பட்டுவிடும். 'டென்மார்க் 2020 உலக சாம்பியன்' என்று எங்காவது கண்டால் உடனே நிறுத்தலாம், அப்படி ஒரு போட்டியே கிடையாது. இந்த ஒழுங்குக்குள் நுழைந்து குழப்புவது டோக்கியோ ஒலிம்பிக். பெயரில் 2020, நடந்ததோ 2021-ல். ஆக 2021 ஜனவரியில் கெய்ரோவில் சுவீடனை 26–24 என்று வென்று உலகக் கோப்பை எடுத்த டென்மார்க், அதே ஆண்டு ஆகஸ்டில் ஒலிம்பிக் இறுதியில் பிரான்சிடம் 23–25 என்று தோற்றது. ஆண்டு வாரியாக அட்டவணை போட்டால் இரண்டும் ஒரே வரிசையில் வரவேண்டும். போட்டியின் பெயரை வைத்து அடுக்கினால் தோல்வி முன்னால் போய், கோப்பை பின்னால் வந்துவிடும்.

அடுத்தது ஆட்ட எண்ணிக்கை. கைதேர்ந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. 2021 முதல் உலகப் போட்டியில் 32 அணிகள், நான்கு நான்காக 8 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடத்தவர் அடுத்த சுற்றான பிரதான சுற்றுக்குப் போவார்கள். அங்கே ஆறு ஆறாக 4 பிரிவுகள். இரண்டு பிரிவுகளின் மும்மூன்று அணிகள் சேர்ந்து ஒரு புதுப் பிரிவாகும். ஏற்கெனவே தங்களுக்குள் மோதிய அணிகள் மறுபடி மோதுவதில்லை, பழைய முடிவையே புள்ளியோடு சுமந்து வருவார்கள். அதனால் பிரதான சுற்று அட்டவணையில் ஒவ்வோர் அணிக்கும் 5 ஆட்டம் என்று இருக்கும், உண்மையில் அங்கே ஆடியது 3.

இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து எந்திரம்போல் கூட்டினால் முதல் சுற்று 3, பிரதான சுற்று 5, காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மொத்தம் 11 வரும். சரியான விடை 9. இந்த இரண்டு ஆட்ட வித்தியாசம் கோல் கணக்கிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

2025-ஐ எடுத்துப் பார்க்கலாம். டென்மார்க் முதல் சுற்றில் அல்ஜீரியாவை 47–22 என்று நசுக்கியது. அதே பிரிவில் இருந்த இத்தாலியும் துனிசியாவும் மேலே வந்தன, அல்ஜீரியா வரவில்லை. ஆக 25 கோல் வித்தியாசத்தில் வந்த அந்த வெற்றி பிரதான சுற்று அட்டவணையில் துளியும் இல்லை. இத்தாலி, துனிசியா ஆட்டங்களோ இரண்டு அட்டவணையிலும் இருக்கும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை இருமுறை எண்ணும் அபாயம் ஒரே இடத்தில் காத்திருக்கிறது. வழி ஒன்றுதான்: சுற்று அட்டவணையைத் தொடாமல், தேதி வாரியாக ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு வரியாக எழுதி, கடைசியில் கூட்டுவது. 9 வரி எழுதச் சோம்பல்பட்டால் பிறகு 90 வரியைத் திருத்த நேரும்.

2019 போட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது 24 அணிகள், ஆறு ஆறாக 4 பிரிவுகள். முதல் சுற்றில் 5, பிரதான சுற்றில் 3, அரையிறுதி, இறுதி என மொத்தம் 10 ஆட்டம். காலிறுதியே இல்லை. ஹேர்னிங் நகரில் நடந்த இறுதியில் நார்வே 22–31 என்று தோற்றது.

உலகப் போட்டியில் டென்மார்க் தொடர்ந்து 37 ஆட்டம் வென்றது என்று பலரும் சொல்வதை, இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டால்தான் சரிபார்க்க முடியும். 2017 போட்டியில் 16 அணிச் சுற்றிலேயே ஹங்கேரியிடம் 25–27 என்று தோற்று டென்மார்க் வெளியேறியது. அதற்குப் பிறகு 2025 முடியும்வரை உலகப் போட்டியில் தோல்வி இல்லை. 10, 9, 9, 9 கூட்டினால் 37. கணக்கு உதைக்காமல் நிற்கிறது. ஆனால் 'தொடர்ந்து 37 வெற்றி' என்று எழுதினால் தவறு. 2023-ல் குரோஷியாவுடன் 32–32 என்று சமன் ஆனது. 2021 காலிறுதியில் எகிப்துடன் 60 நிமிடம் முடிந்தபோது 28–28, இரண்டு முறை கூடுதல் நேரம் கொடுத்த பிறகும் 35–35. கடைசியில் கால்பந்து பெனால்டி போன்ற 7 மீட்டர் எறிதலில்தான் முடிவு வந்தது. ஆக நேரடி வெற்றி 35, எறிதலில் வந்தது 1, சமன் 1. 'தோல்வியற்ற 37' என்பதுதான் துல்லியமான சொல்.

எகிப்து ஆட்டம் இன்னொரு தலைவலியும் கொடுக்கும். ஹேண்ட்பாலில் எறிதலில் விழுந்த கோல்களையும் சேர்த்தே முடிவை எழுதுவது வழக்கம். அதனால்தான் அது 39–38 என்று பதிவாகியிருக்கிறது. கால்பந்துச் செய்தியில் பழகிய கை 35–35, அடைப்புக்குறிக்குள் 4–3 என்று எழுதத் துடிக்கும். எப்படி எழுதினாலும் பாதகமில்லை, ஒரே அட்டவணைக்குள் இரண்டு முறையும் கலக்கக் கூடாது. 2011 இறுதியில் பிரான்சிடம் 35–37 என்று தோற்றது கூடுதல் நேரத்தில் என்ற குறிப்பும் அவசியம். அது இல்லாவிட்டால் 60 நிமிடத்தில் அந்த அணி 37 கோல் வாங்கியது என்று தடுப்பாட்டத்தைக் குறை சொல்லி ஒரு பத்தி எழுதிவிடுவோம். இரண்டாண்டு கழித்து பார்சிலோனாவில் ஸ்பெயினிடம் வாங்கிய 19–35 தோல்விக்கு அப்படி எந்தச் சாக்கும் கிடையாது, முழுக்க 60 நிமிடத்தில் வாங்கிய அடி.

வீரர் கணக்கில் கோல் அடித்தவர் பகுதி சுலபம். 2025-ல் மத்தியாஸ் கிட்ஸெல் 74 கோல் என்றால் 9 ஆட்டத்தால் வகுத்து, சராசரி 8-க்குச் சற்று மேல் என்று எழுதிவிடலாம். மேலே சொன்ன தவறு செய்து 11-ஆல் வகுத்தால் 7-க்குக் கீழே போய்விடும். சிக்கலானது கோல் கீப்பர் வரி. ஆட்டத் தாளில் தடுத்தவை, எதிர்கொண்டவை என்று இரண்டு எண் இருக்கும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எதிரணி 45 முறை எறிந்தது. 27 கோல், 12 தடுப்பு, மீதி 6 வெளியே போனது அல்லது கம்பத்தில் பட்டது. 12-ஐ 45-ஆல் வகுப்பவர் உண்டு, அது சரியல்ல. கம்பத்தில் பட்டதைக் கீப்பர் கணக்கில் சேர்க்கக் கூடாது. 12-ஐ 39-ஆல் வகுத்தால் 30.8 சதவீதம்.

அதுவும் முழு உண்மை அல்ல. 2016 விதி மாற்றத்துக்குப் பிறகு கீப்பரை வெளியே எடுத்து ஏழாவது வீரரைத் தாக்குதலுக்கு இறக்குவது சாதாரணமாகிவிட்டது. பந்து பறிபோனால் எதிரணி அரை மைதானத்திலிருந்தே காலி கோலில் எறியும். அந்த 27-ல் 3 அப்படி விழுந்தவை என்றால், அப்போது கீப்பர் பெஞ்ச் பக்கம் நிற்கிறார். அவரை எப்படிக் குற்றம் சொல்வது? 12-ஐ 36-ஆல் வகுத்தால் 33.3. ஹேண்ட்பாலில் 30 சதவீதம் என்றால் சுமார் ரகம், 35-ஐத் தாண்டினால் அபாரம். ஆகவே இந்த இரண்டரைப் புள்ளி சில்லறை வித்தியாசம் இல்லை. நிக்லாஸ் லாண்டின் போன்ற ஒருவரைப் பழைய தலைமுறைக் கீப்பர்களோடு ஒப்பிடும்போது 2016 என்ற கோட்டை மறந்தால் ஒப்பீடே கோணலாகும்.

பதக்கப் பட்டியல் சொல்லாமல் விடும் காலி ஆண்டுகளும் உண்டு. 1967 வெள்ளிக்கும் 2007 வெண்கலத்துக்கும் நடுவே 40 ஆண்டு உலகப் போட்டியில் ஒரு பதக்கமும் இல்லை. 2002, 2004, 2006 ஐரோப்பிய வெண்கலங்கள்தான் திருப்பம் வருவதற்கு அடையாளம். தங்கத்தை மட்டும் எண்ணும் அட்டவணையில் அந்த மூன்றும் காணாமல் போகும். என் கணிப்பில் இந்த அணியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள 2008 தங்கத்தைவிட அந்த மூன்று வெண்கலங்கள் அதிகம் உதவும்.

எல்லாவற்றையும்விட கவனமாக எழுத வேண்டிய வரி 2020 ஐரோப்பியப் போட்டி. உலக சாம்பியனாக வந்த அணி முதல் சுற்றோடு வீடு திரும்பியது. நான்கு அணிப் பிரிவு, மேலே போவது இரண்டு மட்டும். ஐஸ்லாந்திடம் 30–31 தோல்வி, ஹங்கேரியுடன் 24–24 சமன். கடைசி நாளில் ஹங்கேரி ஐஸ்லாந்தை வென்று 5 புள்ளியோடு முதலிடம். ஐஸ்லாந்து 4, டென்மார்க் 3. ஐஸ்லாந்து ஆட்டத்தில் இன்னும் ஒரு கோல் விழுந்து அது சமனாகியிருந்தால் டென்மார்க் 4, ஐஸ்லாந்து 3 என்று அப்படியே புரண்டிருக்கும். 'படுதோல்வி' என்று தலைப்புப் போட்டவர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுக்கான வரிகளில் ரஷ்யாவை 31–28 என்று வென்ற ஆட்டமும் இருக்கிறது. வெற்றிப் பட்டியலில் அதையும் ஒன்றாக எண்ணத்தான் வேண்டும். ஆனால் ஹங்கேரி ஏற்கெனவே வென்றுவிட்டதால், ரஷ்யாவுடனான ஆட்டம் தொடங்கும் முன்பே டென்மார்க் போட்டியிலிருந்து வெளியேறியிருந்தது.