கல்விக் கட்டணத்துக்கு அப்பால் ஓர் உதவித்தொகை

வாகனப் பொறியியல் படிப்புக்கான உதவித்தொகை அறிவிப்பு எதைப் படித்தாலும், அது கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறதா அல்லது மாணவரைப் பணிமனை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். பெண்களும், சிறுபான்மை இனத்தவரும், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர்களும் இத்துறையில் இன்றும் குறைவாகவே இருப்பதற்குக் கட்டணம் ஒரு காரணம் மட்டுமே. அதைவிடப் பெரிய தடை வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது.

வாகன நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளில் மதிப்பெண்களுக்கு அடுத்தபடியாக எடைபோடப்படுவது, அந்த மாணவர் தம் கையால் எதைச் செய்து பார்த்திருக்கிறார் என்பதுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியும், 1998 முதல் பிரிட்டனில் நடந்துவரும் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டியும் இந்த அனுபவத்துக்கான களங்கள். ஒரு சிறிய பந்தயக் காரை மாணவர்களே வடிவமைத்து, சேஸி எனும் அடிச்சட்டத்தை வெல்டிங் செய்து, அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பைக் கணக்கிட்டு, தாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் நடுவர்கள் முன்னிலையில் காரணம் சொல்ல வேண்டும். இந்த வேலை முழுவதும் மாலையிலும் இரவிலும் விடுமுறை நாட்களிலும்தான் நடக்கும். செலவுக்குப் பணம் தேவைப்படும் மாணவர் பகுதிநேர வேலைக்குப் போவதும் அதே நேரத்தில்தான். கட்டணம் முழுவதையும் யாரோ செலுத்திவிட்டாலும், வாடகைக்காகவும் உணவுக்காகவும் மாலையில் வேலைக்குப் போக வேண்டியவர் அந்த அணியில் சேரவே முடியாது. ஆகவே, வாழ்க்கைச் செலவையும் ஏற்கும் உதவித்தொகை உண்மையில் அவருக்குக் கொடுப்பது நேரம் என்றே நான் கருதுகிறேன்.

இதைப் புரிந்துகொண்டு அமைக்கப்பட்ட திட்டங்களும் உண்டு. ஃபார்முலா 1 பந்தயப் பணியாளர்களில் கறுப்பினத்தவர் சுமார் 1 சதவீதம் மட்டுமே என்று பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டன் பிரிட்டனின் ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங் அமைப்புடன் இணைந்து 2021இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில் ஃபார்முலா 1 நிர்வாகமும் போதிய இடம் பெறாத பிரிவுகளைச் சேர்ந்த 10 பொறியியல் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அது கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்றதோடு, பந்தய அணிகளில் பணி அனுபவம் பெறவும் வழி செய்தது. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதுதான் அத்திட்டத்தின் சிறப்பு.

இதற்கு வெகுகாலம் முன்பே, கார்களின் தோற்ற வடிவமைப்பில், மெக்கின்லி தாம்சன் என்ற கறுப்பின இளைஞர் 1953இல் மோட்டார் ட்ரெண்ட் இதழ் நடத்திய போட்டியில் வென்று, லாஸ் ஏஞ்சலஸின் ஆர்ட் சென்டர் பள்ளியில் படிக்க உதவித்தொகை பெற்றார். 1956இல் ஃபோர்டு நிறுவனத்தின் முதல் கறுப்பின வடிவமைப்பாளராகச் சேர்ந்தவர், பின்னர் ப்ரோங்கோ வண்டியின் தொடக்க வரைபடங்களை உருவாக்கினார். திறமை அவரிடம் முன்பே இருந்தது. அதைத் தகுந்த கண்கள் பார்க்கும் இடத்துக்கு அந்த உதவித்தொகை கொண்டுபோனது.

இதைத் தனிமனிதர்களுக்குக் காட்டும் கருணையாக மட்டும் பார்ப்பவர்கள் விபத்தில் பயணிக்கு என்ன ஆகும் என்று அறிய, மனித உருவப் பொம்மைகளை அமரவைத்துக் காரை மோதவிடும் சோதனைகளின் வரலாற்றைக் கவனிக்க வேண்டும். பல பத்தாண்டுகளாகச் சராசரி ஆணின் உடலளவில் செய்த பொம்மைகளைக் கொண்டே அச்சோதனைகள் நடந்தன. பெண் பொம்மை என்று பயன்படுத்தப்பட்டதும் பெரும்பாலும் ஆண் பொம்மையின் சிறிதாக்கப்பட்ட வடிவமே. முன்புற மோதலில், இருக்கைப் பட்டை அணிந்திருந்தாலும், பெண்கள் பலத்த காயமடையும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம் என்று வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தனர். சராசரிப் பெண்ணின் உடலமைப்பைக் கொண்ட பொம்மையை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தியவர் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பெண் பொறியாளர். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நல்ல நோக்கத்தோடு தொடங்கும் திட்டங்களும் சிறிய விதிகளால் பயனற்றுப் போவதுண்டு. முதலில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லும் உதவித்தொகை, கையில் பணமில்லாதவருக்கு உதவாது. முதலாண்டுக்கு மட்டும் தரப்படுவது, பாடங்கள் கடினமாகும்போது மாணவரைக் கைவிட்டுவிடுகிறது. குடும்பத் துயரத்தை உருக்கமாக எழுதித் தரச் சொல்லும் விண்ணப்பங்களும் எனக்கு ஏற்புடையவை அல்ல; வருமானச் சான்று ஒன்றே அதற்குப் போதும், கட்டுரையில் அவர் செய்ய விரும்பும் பொறியியலைப் பற்றிக் கேட்கலாம்.

விண்ணப்பிக்கும் மாணவர்கள், ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்தால் தொகை நின்றுவிடுமா, ஊதியத்துடன் கூடிய பயிற்சிப் பணி உண்டா, படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட நிறுவனத்திலேயே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்பவற்றைக் கையெழுத்திடும் முன் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். கேட்பதற்காக யாரும் உங்களைக் குறைவாக மதிப்பிட மாட்டார்கள்.